236 போட்டால் 26 வருகிறதா? ஆர்கேட் ஸ்டிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சண்டை ஆட்டங்களுக்காக, லீவரும் பட்டன்களும் வைத்த பெட்டியான ஆர்கேட் ஸ்டிக் வாங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிடும். தப்பு என் கையிலா, ஸ்டிக்கிலா? பதில் தெரியாமலேயே பலர் புது லீவருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அது வந்து சேர்ந்த பிறகும், ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பந்து வீசும் அடியான ஹடோகென் வருவதில்லை. என் ஸ்டிக்கையும், நண்பர்கள் கொண்டுவந்து தரும் ஸ்டிக்குகளையும் சில வருடங்களாகப் பிரித்துப் பார்த்து வருகிறேன். காசு செலவில்லாமல் தீர்ந்த கோளாறுகள்தான் அதிகம். செலவு செய்தே ஆக வேண்டும் என்று வந்தபோதும், எதை வாங்குவது என்பதை அந்தக் கோளாறுதான் காட்டிக் கொடுத்தது. அதனால் பிராண்டுகளை வரிசைப்படுத்தாமல் அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன்.

திசைகளைச் சொல்ல கம்ப்யூட்டர் நம்பர் பேடையே பயன்படுத்துகிறேன். நடுவில் 5. கீழே 2, முன்னால் (எதிரி நிற்கும் பக்கம்) 6, இரண்டுக்கும் இடையிலுள்ள குறுக்கு 3. அப்படியென்றால் ஹடோகென் 236, மேலெழும்பிக் குத்தும் ஷோர்யுகென் 623.

பிரிப்பதற்கு முன்னால்

டிரெயினிங் மோடுக்குப் போய், நீங்கள் கொடுக்கும் திசையும் பட்டனும் திரை ஓரத்தில் வரிசையாக ஓடும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் உண்டு. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் கேம் கன்ட்ரோலர் பகுதியில் ஸ்டிக்கின் பண்புகளைத் திறந்தாலும் போதும், அழுத்திய பட்டன் விளக்காக எரியும். கண்ணால் பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். இன்னொன்று: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஸ்ப்ரிங்கையும் கேட்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

ஸ்டார் திருப்புளி ஒன்று, சின்ன தட்டைத் திருப்புளி ஒன்று, மூக்குக் குறடு ஒன்று. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். சில பெட்டிகளுக்கு ஆலன் கீ வேண்டும். யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள்.

அறிகுறி: குறுக்குத் திசை தவறுகிறது, 236 போட்டால் 26 என்று விழுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். முதலில் மூலைச் சோதனை. லீவரை மெதுவாகக் கீழ்-முன் மூலைக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். திரையில் 3 ஆடாமல் நிற்கிறதா? இதேபோல 1, 7, 9 மூன்றையும் பாருங்கள். நான்கும் உறுதியாக நின்றால் லீவரில் கோளாறு இல்லை, மூலையைத் தொடாமல் கைதான் வெட்டிக்கொண்டு போகிறது.

ஏன் வெட்டுகிறது என்று புரிந்துகொள்ள லீவரின் அடியைப் பார்க்க வேண்டும். சான்வாவின் ஜேஎல்எஃப் லீவரை எடுத்துக்கொள்வோம், ஜப்பானிய பாணி ஸ்டிக்குகளில் அதிகம் இருப்பது அதுதான். தண்டின் அடி முனையில் ஆக்சுவேட்டர் என்ற சின்ன பிளாஸ்டிக் உருளை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு மைக்ரோஸ்விட்ச். எல்லாவற்றுக்கும் கீழே கேட் என்ற பிளாஸ்டிக் தட்டு, நடுவில் சதுரமான ஓட்டையோடு. தண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை கட்டுவது அதுதான். சதுரத்தின் நான்கு மூலைகளே நான்கு குறுக்குத் திசைகள். மூலையில் தண்டு உட்காரும்போது பக்கத்துப் பக்கத்து ஸ்விட்ச் இரண்டும் சேர்ந்து அழுந்தும். அறை அமைதியாக இருந்தால் காதாலேயே பிடிக்கலாம்: 2-இல் ஒரு 'டிக்', 3-இல் இன்னொரு 'டிக்', 6-க்கு வரும்போது முதல் ஸ்விட்ச் விடுபடும் சத்தம்.

இந்த மூன்று சத்தத்தையும் கேட்டுக்கொண்டே மெதுவாகப் பத்துத் தடவை 236 போட்டுப் பாருங்கள். உருண்டையை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு இரண்டாவது 'டிக்' வரவே வராது. மணிக்கட்டு இறுகிவிட்டால் லீவர் வட்டமாகப் போகாது, 2-லிருந்து நடுவழியாக 6-க்குத் தாவும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தண்டை விட்டு, உருண்டையை உள்ளங்கையில் தளர்வாக ஏந்திப் பாருங்கள். அல்லது மேலிருந்து மூன்று விரலால் பிடியுங்கள். இரண்டில் எது சரி என்ற சண்டை தீராதது. இறுகாமல் பிடிக்க எது உதவுகிறதோ அதுதான் உங்களுடைய பிடி.

ஒரே ஒரு மூலை மட்டும் தவறினால் விஷயம் வேறு. கேட் சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். ஜேஎல்எஃப் கேட் நான்கு கொக்கிகளால் பிடித்திருக்கும், நான்கையும் அழுத்திப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அந்தப் பக்கத்து ஸ்விட்ச் தேய்ந்திருக்கும்.

எண்கோண கேட் மாற்றினால் சரியாகுமா என்று கேட்பார்கள். எட்டுத் திசையிலும் சின்னப் பள்ளம் இருப்பதால் விரலுக்குத் தைரியம் வரும், உண்மைதான். ஆனால் நான் புதியவர்களைச் சதுரத்தோடே இன்னும் இரண்டு மாதம் பழகச் சொல்வேன். கைல் மாதிரிப் பின்னால் அழுத்திக் காத்திருக்கும் பாத்திரத்தை எடுத்தவர்களுக்கு 1 என்ற மூலை ஒரு நாற்காலி மாதிரி, போய் உட்கார்ந்துவிட்டால் நழுவாது. எண்கோணத்தில் அந்த உறுதி குறைவு. முழு வட்டம் அதிகம் சுற்ற வேண்டிய ஸாங்கீஃப் ஆட்டக்காரர்கள் எண்கோணமோ வட்ட கேட்டோ போட்டுக்கொண்டால் அதற்கு நியாயம் இருக்கிறது.

கேட்டை விட நான் முதலில் கைவைப்பது ஆக்சுவேட்டரில். வழக்கமானதை விடச் சற்றே பருத்த ஆக்சுவேட்டர் கிடைக்கிறது. அது ஸ்விட்சைச் சீக்கிரம் தொடும். நடுவிலிருக்கும் வெற்றிடம் சுருங்கும், குறுக்குத் திசைகளின் பரப்பு பெரிதாகும், 3 தானாக வந்து விழும். அதற்கு ஒரு விலை உண்டு, அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

அறிகுறி: நடந்து போகச் சொன்னால் குதிக்கிறது

6 அழுத்த நினைத்து 9 வருகிறது. பருத்த ஆக்சுவேட்டர் போட்டிருந்தால் அதையே முதலில் சந்தேகப்படுங்கள். போடவில்லை என்றால் பெட்டியை மடியில் வைத்திருக்கும் கோணத்தைப் பாருங்கள். பெட்டி சற்றுத் திரும்பியிருந்தால் நமக்கு 'நேர் முன்' என்று தோன்றுவது லீவருக்கு மேல்-முன். மேஜையில் வைத்து ஆடும்போது சரியாகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. கீழே வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போதும்.

மூன்றாவது காரணம் ஸ்ப்ரிங். ஜேஎல்எஃப்பில் வரும் ஸ்ப்ரிங் மெல்லியது. கை கனமானவர்களுக்கு லீவர் எங்கே நடுவில் நிற்கிறது என்றே தெரியாது. 2 பவுண்டு ஸ்ப்ரிங் என்று விற்பதை மாற்றினால் நடுவிடம் விரலுக்குத் தெரிய ஆரம்பிக்கும். 4 பவுண்டும் கிடைக்கிறது. இரவெல்லாம் ஆடுகிறவர்களுக்கு அது மணிக்கட்டு வலியைக் கொடுக்கும் என்பது என் அனுபவம், 2-லிருந்து தொடங்குங்கள். ஸ்ப்ரிங்கோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை, முதலிலிருந்தே இறுக்கமான லீவர் வேண்டும் என்றால் சைமிட்சுவின் எல்எஸ்-32 பக்கம் போகலாம்.

ஸ்ப்ரிங் மாற்றும் வேலையில் ஒரே ஆபத்து இ-கிளிப். தண்டின் அடியில், ஆங்கில இ எழுத்து வடிவில், சுண்டுவிரல் நகத்தளவு கம்பித் தகடு. அதை நெம்பியதும் ஸ்ப்ரிங் தள்ள, அது பறந்துவிடும். நான் முதன்முதலாகக் கழற்றியபோது 'டங்' என்று சுவரில் பட்ட சத்தம்தான் கேட்டது. கட்டிலை நகர்த்தி, காந்தத்தால் தரையைத் தடவி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து லீவரையும் கையையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத்தான் கழற்றுகிறேன். ஆக்சுவேட்டரைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திப் பிடித்தால் கிளிப்பின் மேல் இருக்கும் அழுத்தம் குறையும், பிறகு தட்டைத் திருப்புளியால் மெதுவாக நெம்பலாம். கழற்றும் வரிசையைப் போனில் படம் எடுத்து வையுங்கள்: கிளிப், ஆக்சுவேட்டர், ஸ்ப்ரிங்.

திறந்ததே திறந்தோம் என்று தண்டு உருளும் அந்தப் பிளாஸ்டிக் குமிழில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கிறீச் என்ற சத்தத்துக்கும் மருந்து அதுதான். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ், பட்டாணி அளவு. துருநீக்கி ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அது ஸ்விட்சுக்குள் வடிந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

அறிகுறி: டெக்கனில் பின்வாங்கும் வேகம் வரவில்லை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. டெக்கனில் கொரிய பேக்டேஷ் (அடுத்தடுத்து வேகமாகப் பின்வாங்குவது), மிஷிமா குடும்பத்துப் பாத்திரங்களின் எலெக்ட்ரிக் (மின்னல் குத்து) இரண்டிலும் லீவர் நடுவுக்கு வந்து போவதையே ஆட்டம் எதிர்பார்க்கிறது. எலெக்ட்ரிக்கில் 6-க்கும் 2-க்கும் நடுவில் 5 ஒன்று வரவேண்டும். திரையில் அந்த 5 காணாமல் 6-லிருந்து நேராக 3-க்குப் போகிறது என்றால் லீவர் நடுவுக்குத் திரும்பும் குணம் உங்களுக்குப் போதவில்லை.

கொரியாவின் லீவர்கள் இந்தத் தேவையை மனதில் வைத்தே வளர்ந்தவை. ஸ்ப்ரிங்குக்குப் பதில் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். சதுர கேட் கிடையாது, எல்லை வட்டம். தலையும் உருண்டை இல்லை, நீண்ட பேட் வடிவம். விரலை லேசாக்கினால் ரப்பர் தண்டை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். 'நீ' (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய ஆட்டக்காரர் பிடித்து ஆடுவது இந்த வகைதான். கிரௌன் 309 எம்ஜே, ஃபான்டா ஆகியவை பரவலான பெயர்கள். ரப்பர் பல கடினத்தில் தனியாகவே கிடைக்கும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். மெல்ல இளகுவது ரப்பரின் இயல்பு. வருடக்கணக்கில் ஆடிய லீவர் தளர்ந்தால் பதறாதீர்கள்.

வாங்குவதற்கு முன் பெட்டியின் உள் ஆழத்தை அளந்துவிடுங்கள். திருகுத் துளைகள் பொருந்துமா, பேட் தலை கழன்று வருமா என்பதையும் பாருங்கள். ஜப்பானிய லீவருக்காகச் செய்த ஒல்லிப் பெட்டியில் கொரிய லீவர் மூடியை முட்டும்.

அறிகுறி: பட்டன்கள் வேலை செய்கின்றன, லீவர் செத்துக் கிடக்கிறது

பெட்டியைத் திறக்காதீர்கள். முன்பக்கத்திலோ ஓரத்திலோ ஒரு சின்ன நகர்த்தி இருக்கும்: எல்எஸ், டிபி, ஆர்எஸ். லீவரை இடது அனலாக் குச்சியாகவா, திசைப் பட்டனாகவா, வலது குச்சியாகவா கன்சோலுக்குக் காட்டுவது என்று அது தீர்மானிக்கிறது. பைக்குள் வைத்து எடுக்கும்போது தானாக நகர்ந்துவிடும். டிபியில் வையுங்கள். ஸ்டார்ட் பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? போட்டிகளில் தவறுதலாக ஆட்டம் நின்றுவிடாமல் இருக்க வைத்திருக்கும் லாக் ஸ்விட்ச் போடப்பட்டிருக்கும்.

அறிகுறி: ஒரு திசை மட்டும் வரவில்லை, அல்லது மேல் என்றால் இடது போகிறது

திசைகள் எல்லாம் ஒரே போக்கில் மாறியிருந்தால் லீவரை 90 டிகிரி திருப்பிப் பூட்டியிருக்கிறீர்கள். லீவரைக் கழற்றிச் சரியான பக்கம் வையுங்கள், அல்லது ஒயர்களை இடம் மாற்றுங்கள். ஜேஎல்எஃப்பில் ஐந்து முள் கனெக்டர்: ஒன்று கிரவுண்ட், நான்கு திசைகள்.

ஒரே திசை போயிருந்தால், மேல் திசைக்கான ஸ்விட்ச் எது என்பதில் பலரும் தடுமாறுவார்கள். தண்டு நடுவில் ஊன்றி ஆடுகிறது. மேலே தலையை உங்களிடமிருந்து விலக்கித் தள்ளினால் அடியிலிருக்கும் ஆக்சுவேட்டர் எதிர்ப்பக்கம் போகும். ஆகவே மேல் வரவில்லை என்றால் பார்க்க வேண்டியது உங்கள் வயிற்றுப் பக்கமாக இருக்கும் ஸ்விட்சை. அதை விரலால் நேரடியாக அழுத்துங்கள். திரையில் 8 வந்தால் ஸ்விட்ச் நல்லது, கேட்டோ ஆக்சுவேட்டரோ எட்டவில்லை. வராவிட்டால் கனெக்டரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

அறிகுறி: பட்டன் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை

பட்டனின் அடியில் இரண்டு தகட்டு முனைகள், இரண்டு ஒயர். இரண்டையும் உருவி, ஒயர் முனைகளை ஒன்றோடொன்று தொடுங்கள். இந்த ஒயர்களில் ஓடுவது குறைந்த மின்னழுத்தம்தான், ஷாக் அடிக்காது. திரையில் பட்டன் விழுந்தால் ஒயரும், அழுத்தியதைக் கன்சோலுக்குச் சொல்லும் சர்க்யூட் போர்டும் நன்றாக இருக்கின்றன, பட்டன்தான் போய்விட்டது. விழாவிட்டால் பட்டனைக் குற்றம் சொல்லாதீர்கள், ஒயர் அல்லது போர்டு. சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும்.

நண்பர் ஒருவர் எட்டுப் புதுப் பட்டன்களோடு என் வீட்டுக்கு வந்தார். கடைசி மூன்று பட்டன்களும் ஒரே நேரத்தில் செத்துப்போனதால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று வாங்கிவிட்டிருந்தார். மூன்று ஒரே நொடியில் சாகாது. திறந்து பார்த்தால், கறுப்பு கிரவுண்ட் ஒயர் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகிறது, ஐந்தாவதிலிருந்து அடுத்ததற்குப் போகும் கிளிப் கழன்று தொங்குகிறது. அதற்குப் பின்னால் இருந்த மூன்றுக்கும் கிரவுண்ட் இல்லை. மூக்குக் குறடால் கிளிப்பின் இரு மடிப்பையும் ஒரு சிட்டிகை நெருக்கி, மறுபடி செருகினேன். 'கிச்' என்று இறுக்கமாக ஏறியது, மூன்றும் பிழைத்துக்கொண்டன.

கிளிப் வாங்கும்போது அளவு கவனம். ஜப்பானியப் பட்டன்களின் முனை 2.8 மி.மீ., அதாவது 0.110 இன்ச். ஹாப் போன்ற அமெரிக்கப் பாணிப் பட்டன்களுக்கு 4.8 மி.மீ., அதாவது 0.187 இன்ச். பெரியதைச் சின்னதில் மாட்டினால் இன்றைக்கு நிற்கும், ஆட்டத்தின் நடுவில் கழலும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்த முனைகளைப் பாருங்கள், உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும்.

அறிகுறி: தொடாமலேயே அடி விழுகிறது, அல்லது பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது

சான்வா ஓபிஎஸ்எஃப்-30 பட்டன் மிக லேசானது. விரலை அதன்மேல் ஓய்வெடுக்க விட்டாலே விழுந்துவிடும். வேகமாக ஆடுகிறவர்களுக்கு அதுதான் வரம், விரலைச் சாய்த்து வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அதுவே தொல்லை. சைமிட்சுவின் பிஎஸ்-14-ஜி சற்று எதிர்த்து நிற்கும். மெக்கானிக்கல் கீபோர்டு ஸ்விட்ச் போட்டுக்கொள்ளும் பட்டன்களும் உண்டு, அவற்றில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுவது வேறு கோளாறு. உலோகத் தொடுமுனை துள்ளுவதுதான் காரணம். ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன போர்டில் ஓடும் ஜிபி2040-சிஇ மாதிரித் திறந்த மூல மென்பொருள் இருந்தால் செட்டிங்கில் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரத்தை, கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டியும் நிற்காவிட்டால் பட்டனை மாற்றும் நேரம்.

சிக்கிக்கொள்ளும் பட்டனுக்கு முதல் காரணம் வியர்வையும் அழுக்கும். இரண்டாவது, திருகு வளையத்தை அளவுக்கு மீறி முறுக்குவது. குழல் நெளிந்து, உள்ளே போகும் பிஸ்டன் உரசும். விரலால் முறுக்கி, நின்ற பிறகு கால் சுற்று போதும். ஸ்னாப்-இன் என்ற கொக்கி வகை மெல்லிய உலோக, பிளாஸ்டிக் பலகைக்கு. மரப் பெட்டி செய்கிறவர்கள் திருகு வகை ஓபிஎஸ்என்-30 எடுங்கள், தடித்த மரத்தில் கொக்கி பிடிக்காது. தாக்குதல் பட்டன்களுக்கு ஓட்டை 30 மி.மீ., ஸ்டார்ட் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மி.மீ. கொக்கி வகையைக் கழற்றும்போது உள்ளிருந்து இரு கொக்கியையும் அழுத்திக்கொண்டே தள்ளுங்கள். வெளியிலிருந்து நெம்பினால் கொக்கி முறியும், பலகையில் கீறலும் விழும்.

அறிகுறி: பிஎஸ்4-இல் சரியாக எட்டு நிமிடத்தில் துண்டிக்கிறது

ஒயரில் கோளாறு இல்லை. சோனியின் அங்கீகாரத்தைக் காட்ட முடியாத போர்டை பிஎஸ்4 எட்டு நிமிடம்தான் அனுமதிக்கும். தனிப் போர்டு வாங்குவதானால் பிஎஸ்4 அங்கீகாரத்தோடு வரும் புரூக் போன்றவற்றைப் பாருங்கள். பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு: பிஎஸ்4 ஸ்டிக் பிஎஸ்4 ஆட்டங்களுக்கு ஓடும். பிஎஸ்5 ஆட்டத்தில் ஓட அந்த ஆட்டமே இடம் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 கொடுக்கிறது.

தாமதம் தோன்றினால் ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகச் செருகுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் 16.67 மில்லி வினாடிதான், டிவியின் படச் சீரமைப்பு ஒன்றே அதுபோல் பலவற்றைத் தின்றுவிடும். 'ஜீரோ டிலே' என்று பெயர் போட்டு வரும் மலிவுப் போர்டுகள் பெயருக்கேற்ற வேகம் கொண்டவை அல்ல. அதை மாற்றுவது எந்த லீவர் மாற்றத்தையும் விடப் பயன் தரும்.

மூடும்போது

அடித்தட்டைப் போட்டதும் எல்லா ஸ்க்ரூவையும் முறுக்காதீர்கள். எதிரெதிர் மூலையில் இரண்டு மட்டும் போட்டு, யூஎஸ்பியைச் செருகி, எட்டுத் திசையையும் எல்லாப் பட்டனையும் திரையில் ஒருமுறை பாருங்கள். தட்டின் விளிம்பில் ஒயர் ஏதும் நசுங்கவில்லை என்று விரலை ஓட்டிப் பார்த்த பிறகு மீதி ஸ்க்ரூக்களைப் போடுங்கள்.